காலையில் மட்டும் மக்கர் செய்யும் கார்: ஊட்டியில் நான்கு குளிர்காலம்

2006 மாடல் டீசல் கார் ஒன்றை நான்கு வருடமாக ஊட்டியில் வைத்து ஓட்டுகிறேன். கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மீட்டர் 1,38,000 கி.மீ. என்றது, நிஜக் கணக்கு அந்த மீட்டருக்கே வெளிச்சம். வாங்கப் போன அன்று சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. மே மாதக் கோவையில் எந்த டீசல் கார்தான் பிடிக்காது?

டிசம்பரில் ஒரு நாள், காலை ஆறேகால் மணி. கண்ணாடி முழுக்க உறைபனி. செல்ஃப் அடித்தால் இன்ஜின் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி, பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போடும் கொடிப் பக்கம் போனது. ஏழாவது தடவை ஒரு சிலிண்டர் மட்டும் 'டக் டக்' என்று பிடித்து, மற்ற மூன்றையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியது. அரை நிமிடம் கார் குளிர்க்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கிவிட்டு அப்புறம் சாதுவானது. அன்று முழுக்க எத்தனை முறை நிறுத்தினாலும் உடனே ஸ்டார்ட் ஆனது. மறுநாள் காலை பழையபடி.

முதல் குளிர்காலத்தில் நான் செய்தது எல்லாம் வீண் செலவு. பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது போட்டேன். இரண்டு வாரம் கொஞ்சம் தேவலை என்று தோன்றியது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் மாற்றினார்கள். பதினோரு மணி வெயிலில் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட் செய்து காட்டி, "பாருங்க சார், சூப்பரா இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அது எப்போதுமே சூப்பராகத்தான் இருக்கும்!

டீசலே உறைந்துவிட்டது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். லடாக் மாதிரி இடத்தில் அது நிஜத் தலைவலிதான். 2019-ல் இந்தியன் ஆயில் அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான். நம் ஊரில் பூஜ்யத்தைத் தொட்டாலே பெரிய சேதி. இருந்தாலும் சந்தேகம் தீர ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடித்து ராத்திரி மொட்டை மாடியில் வைத்தேன். காலையில் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. அந்தக் கட்சி காலி.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் சரியான கை கிடைத்தது. வயதான டீசல் மெக்கானிக் ஒருவர். "தம்பி, வண்டிய ராத்திரியே இங்க விட்டுட்டுப் போ. காலைல ஆறு மணிக்கு வா. அது வரைக்கும் யாரும் சாவியத் தொடக்கூடாது" என்றார். மறுநாள் மங்கி குல்லாவோடு வந்து, பானெட்டைத் திறக்காமல் நேராகச் சைலன்சர் பக்கம் போய் நின்று, "அடி" என்றார். அடித்தேன். "வெள்ளப் புக வருதுல்ல? டீசல் வருது, எரியல. புகையே இல்லன்னா டீசலே வரலன்னு அர்த்தம்." இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடமாக ஆள் கிடைக்கவில்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். காற்றும் இரும்பும் குளிர்ந்து கிடந்தால் சூடு போதாது. அதற்குத்தான் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக். அதோடு ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். வயதான இன்ஜினுக்கு இது இரட்டை அடி. மேட்டுப்பாளையம் இறங்கினால் என் கார் பிகு செய்யாததற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

ஆனால் டேஷ்போர்டில் ஹீட்டருக்கான மஞ்சள் சுருள் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறதே என்றேன். சிரித்தார். என் காரில் அந்த விளக்கு வெறும் டைமர் கணக்கில் எரிவது. பிளக் செத்திருந்தாலும் அது பாட்டுக்கு எரியும். நான்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டார். இரண்டாவதில் மட்டும் பல்பு எரிந்தது. மற்ற மூன்றும் இருட்டு. இன்ஜினைச் சூடாக்கி, துருவுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றினார். நான்காவது பிளக் அசையவே இல்லை. முறிந்து உள்ளே விழுந்தால் இன்ஜின் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும் என்று இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊற்றிப் பொறுமையாக எடுத்தார். நுனி ஊதிக் கருகியிருந்தது. நான்கும் புதிது, கூலியோடு ரூ.3,400. பேட்டரி விலையில் பாதிகூட இல்லை.

செல்ஃப் மெதுவாகச் சுற்றியதற்கு வேறு காரணம். செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரை பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வைத்தால் 1.4 வோல்ட் காட்டியது. அரை வோல்ட் தாண்டினாலே கோளாறு. எர்த் ஒயர் முனையில் பச்சை பூத்திருந்தது. தேய்த்து முறுக்கியதும் 0.2. செலவு உப்புத்தாள் மட்டும். கெட்டியான 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலை மாற்றி, அதைவிட இளகலான 15டபிள்யூ-40 ஊற்றினோம், குளிரில் சுற்றுவது இன்னும் லேசானது.

மூன்றாவது வருடம் வேறு ரகம். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை. இந்த முறை நானே கண்டுபிடித்தேன். ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பைப் பதினைந்து தடவை அமுக்கியதும் பிடித்துக்கொண்டது. டீசல் வரும் ரப்பர் ஓஸ் வெடித்து ராத்திரியில் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிருக்கிறது. ஓஸும் கிளிப்பும் மாற்றினேன்.

சட்டென்று பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயைக் காற்று போகும் வழியில் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. ஹீட்டர் பிளக் இருக்கும் வண்டியில் அதை அடித்தால் உள்ளேயே வெடித்து பிஸ்டன் போகும். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குக் கீழே துணி கொளுத்திச் சூடேற்றும் வைத்தியத்தையும் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

இந்த ஜனவரியில் பனி கடுமையாக இருந்த நாட்களில் சாவியை இரண்டு தடவை ஹீட்டர் நிலைக்குக் கொண்டுபோய், பிறகு அடித்தால் மூன்று விநாடியில் பிடித்தது. கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்தும் பலம், குறைந்திருப்பது தெரிகிறது. இன்ஜின் வேலைக்குக் கேட்ட பணம் காரின் விலையைவிட அதிகம், அதனால் தொடவில்லை. இன்றைக்கும் ராத்திரி காரை வாசலில் மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தி, முன் டயருக்கு ஒரு கல் அண்டை கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.