வெனிஸில் ஒரு வாரம்: மெஸ்த்ரேயில் தங்குவதா, தீவுக்குள்ளேயா?

ஜெர்மனியில் படிக்கும்போது மார்ச் விடுமுறையில் வெனிஸுக்குப் போனேன். முதல் மூன்று இரவு கரைப்பக்க நிலப்பகுதியான மெஸ்த்ரே, அடுத்த நான்கு இரவு பழைய வெனிஸ் தீவுக்குள் கன்னரேஜோ என்ற பகுதி. இரண்டிலும் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்: கையில் கொஞ்சமாவது காசு இருந்தால் தீவுக்குள்ளேயே தங்குங்கள்.

மெஸ்த்ரேக்கு ஆதரவான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். படுக்கை மலிவு, பெட்டியைப் பாலப் படிகளில் தூக்க வேண்டாம், ரயிலேறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவிலுள்ள சாந்தா லூச்சியா நிலையம். 1846இல் திறந்த ரயில் பாலத்தில் காயலைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரம் தினமும் புதிதாகத்தான் இருந்தது. நிர்வாகத்தில் மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான். அதனால் 2024இல் வந்த பகல்நேர நுழைவுக் கட்டணத்திலிருந்து அங்கே தங்குபவர்களுக்கும் விலக்கு உண்டு.

ஆனால் மெஸ்த்ரேயிலிருந்து வருபவருக்கு நடுப்பகலில் திரும்ப ஓர் அறை இல்லை. காலையில் கிளம்பினால் இரவுதான். வெனிஸில் நடைதான் எல்லாம். நிலையத்திலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்கே அரை மணிக்கு மேல் ஆகும், வழி தவறினால் இன்னும் கூடும். மூன்று மணிக்குக் கால் கெஞ்சும். உட்கார ஒரு காபி, ஒதுங்க இன்னொரு காபி என்று மிச்சம் பிடித்த காசு கரையும். மாலையானால் மனம் ரயில் நேரத்துக்குப் போய்விடும். முதல் மூன்று நாளும் நான் பார்த்தது பத்து மணி முதல் ஆறு மணி வரையிலான வெனிஸை மட்டுமே.

கன்னரேஜோவில் ஏழு மணிக்கு வெளியே வந்தால் வேறு ஊர். குப்பையைப் படகு வந்து அள்ளுகிறது. கடைச் சரக்கும் படகில் இறங்கி, கைவண்டியில் ஏறி, பாலத்துக்குப் பாலம் படிப்படியாக இழுபட்டுப் போகிறது. கால்வாய்தான் இவர்களுக்குத் தெரு என்பது எனக்குக் கண்ணால் புரிந்தது அப்போதுதான். ரியால்தோ சந்தையில் சான்ட் எராஸ்மோ தீவுக் காய்கறி வாங்கி வந்து சமைத்தேன். சமையலறை உள்ள அறை என்பதால் சாப்பாட்டுச் செலவு பாதியானது. (ஞாயிறும் திங்களும் அங்கே மீன் கிடைக்காது.) மதியம் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, சாயங்காலம் பழைய யூதர் குடியிருப்பான கெத்தோவின் சதுக்கத்துக்குப் போவேன். 1516இல் யூதர்களை இங்கே அடைத்து, இரவில் கதவைப் பூட்டினார்கள். பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் மாடிமேல் மாடியாக வீடுகள் உயர்ந்தன. ஆள் குறைந்த வேளையில் கீழே நின்று அந்தத் தாழ்ந்த ஜன்னல் வரிசைகளை எண்ணிப் பாருங்கள், நெஞ்சு கனக்கும்.

கன்னரேஜோவில் இன்னொரு வசதி, ஃபொந்தமென்தே நோவே படகுத்துறை நடைதூரம். புரானோ தீவுக்கு 12ஆம் எண் படகு அங்கிருந்துதான்.

படகுக் கணக்கும் பாருங்கள். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ. 29 வயது வரை உள்ளவர்கள் ரோலிங் வெனிஸ் என்ற சலுகை அட்டை வாங்கினால் மூன்று நாள் சீட்டு மலிவாகக் கிடைக்கும். தீவுப் பயணங்களை அந்த மூன்று நாளுக்குள் அடக்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் நடந்தே சமாளித்தேன். தனித் தீவான ஜுதெக்காவில் தங்கினால் இது நடக்காது, எதற்கும் படகுதான். அங்கே ஒரு மாலை மட்டுமே இருந்தேன், அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கன்னரேஜோவில் வாடகை எனக்கு மெஸ்த்ரேயைப் போல ஏறக்குறைய இருமடங்கு ஆனது. நண்பர் ஒருவர் அறையைப் பகிர்ந்ததால் தாங்கியது. தனியாகப் போயிருந்தால் ஏழு இரவை நான்காகக் குறைத்திருப்பேன், நான்கும் தீவுக்குள்.