தி டியூக்: திருட்டை விட டோரதிக்காகப் பார்க்க வேண்டிய படம்

ஓவியத் திருட்டைப் பற்றிய படம் என்றதும் லேசர் கதிர், மாறுவேடம், கடைசி நிமிடத் தப்பித்தல் எல்லாம் எதிர்பார்த்து உட்காராதீர்கள். 'தி டியூக்' படத்தில் ஒரு ஏணி, கழிவறை ஜன்னல், அவ்வளவுதான், திருட்டு சீக்கிரமே முடிந்துவிடுகிறது. மீதிப் படம் பெரும்பாலும் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு சின்ன வீட்டுக்குள் நடக்கிறது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

நடந்த கதை இது. ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் (படத்தின் பெயரில் வரும் டியூக் இவர்தான்) ஓவியத்தை ஓர் அமெரிக்கச் செல்வந்தர் 1,40,000 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தார். அது நாட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து அதே விலை கொடுத்து வாங்கி லண்டன் நேஷனல் கேலரியில் மாட்டினார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, 1961 ஆகஸ்ட் 21 அன்று ஓவியத்தைக் காணோம். ஏதோ பெரிய கும்பலின் வேலை என்று எல்லோரும் தேடிக்கொண்டிருக்க, ஓவியம் இருந்ததோ பஸ் ஓட்டி ஓய்ந்த கெம்ப்டன் பண்டன் என்ற பெரியவரின் வீட்டில். ஓவியத்தைத் திருப்பித் தர அவர் கேட்ட பணமும் தனக்காக இல்லை. அங்கே வீட்டில் டிவி பார்க்க வருடா வருடம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும் (நம்மூரில் ஒரு காலத்தில் ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் கட்டியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்). தனியாகக் கிடக்கும் வயதானவர்களுக்கு டிவிதான் துணை, அவர்களிடம் போய் ஏன் பணம் வாங்குகிறீர்கள் என்பதுதான் அவருடைய சண்டை. பணம் கட்ட மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்கும் போய் வந்தவர். ஓர் ஓவியத்துக்கு அவ்வளவு கொட்டிக் கொடுக்கிற அரசு இதற்கு ஏன் யோசிக்கிறது என்று அவர் கேட்கும்போது எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் பட்டது.

கெம்ப்டனாக ஜிம் பிராட்பென்ட். மனுஷர் வாயைத் திறந்தால் மூட மாட்டார், எங்கே அநியாயம் கண்டாலும் பேசுவார், பேசியே வேலையை இழப்பார். நம் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ஊரே கைதட்டும், வீட்டில் அடுப்பு எரியாது. அந்த அடுப்பு எரியாத கதையைச் சொல்லத்தான் ஹெலன் மிரன் நடித்த டோரதி இருக்கிறார். வசதியான ஒரு வீட்டில் தரை துடைத்து இந்தக் குடும்பத்தை ஓட்டுகிறவர் அவர். கணவரின் கொள்கை எல்லாம் அவருடைய முழங்கால் வலியில்தான் நிற்கிறது என்பதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை, அவர் நடையிலேயே தெரிகிறது. இறந்துபோன மகளைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. கெம்ப்டனோ அந்தத் துக்கத்தை நாடகமாக எழுதி ஊருக்கு அனுப்புகிறார். ஒருவர் பேசிப் பேசித் தீர்க்கப் பார்க்கிறார், இன்னொருவர் பேசாமலே சுமக்கிறார், இரண்டு பேர் மீதும் தப்பில்லை. இந்த இடத்தில் படம் யாருக்கும் தீர்ப்புச் சொல்லாமல் இருவரையும் அப்படியே விட்டுவைத்தது இயக்குநர் ரோஜர் மிஷெலின் பெரிய மனசு. அவர் 2021-இல் காலமானார். பிரிட்டன் திரையரங்குகளில் படம் வந்தது அதற்கு அடுத்த வருடம்தான்.

நீதிமன்றக் காட்சிகளில் வாய்விட்டுச் சிரித்தேன். கூண்டில் நின்றுகொண்டு கெம்ப்டன் சொல்லும் பதில்களுக்கு ஜூரிகளே சிரிப்பை அடக்க முடியாமல் திணறுகிறார்கள். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்தது திருட்டாகுமா என்ற வழக்கறிஞர் ஜெரமி ஹட்சின்சனின் வாதம் உண்மையாகவே நடந்தது. ஜூரிகள் ஓவியத்தைத் திருடிய குற்றத்திலிருந்து அவரை விடுவித்து, திரும்பி வராத அதன் மரச் சட்டத்தை (ஃப்ரேமை) எடுத்ததற்கு மட்டும் குற்றவாளி என்றார்கள், மூன்று மாதம் சிறை. அந்த மரச் சட்டம் கடைசிவரை கிடைக்கவே இல்லை. இந்த வழக்குக்கு அப்புறம் 1968-இல் வந்த திருட்டுச் சட்டத்தில், பொதுமக்கள் வந்து பார்க்கும் இடத்தில் வைத்த பொருளை எடுத்துச் செல்வதையே தனிக் குற்றமாக்கினார்கள்.

யார் எடுத்தது என்று தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். உண்மையில் எடுத்தது தான்தான் என்று கெம்ப்டனின் மகன் 1969-இல் போலீசிடமே சொல்லிவிட்டார், ஆனால் அந்தக் காகிதங்கள் வெளியே வந்தது 2012-இல்தான். படம் இதை அழகாகவே கையாள்கிறது. மகனுக்காக அப்பா கூண்டில் ஏறி நிற்கிறார் என்று தெரிந்த பிறகு, முன்னால் சிரித்த காட்சிகள் எல்லாம் வேறு மாதிரி கனக்கின்றன.

எனக்குள்ள ஒரே வருத்தம் காலத்தைச் சுருக்கியது. ஓவியம் நான்கு வருடம் ஒளிந்திருந்தது, 1965-இல் பர்மிங்காம் ரயில் நிலையத்தின் பொருள் வைப்பறையில் விட்டு அதன் சீட்டைப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள், கெம்ப்டன் சரணடைந்தது அதற்கும் பிறகு. படத்தில் எல்லாம் சில மாதத்தில் நடந்து முடிகிறது. நாடே தேடும் ஒரு பொருளை நான்கு வருடம் ஒரு சாதாரண வீட்டில் வைத்துக்கொண்டு சாப்பிட்டு, தூங்கி, வேலைக்குப் போய் வந்த மனிதர்களின் பதற்றம் எவ்வளவு பெரிய நாடகம்! அதை விட்டுவிட்டார்களே என்று இருக்கிறது. டோரதிக்கு இன்னும் நான்கைந்து நல்ல காட்சிகள் கிடைத்திருக்கும்.

ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் படம். நியூகாசில்காரர்களின் பேச்சு வேகமும் இழுப்பும் பழக்கமில்லாதவர்களுக்குப் பிடிபடாது, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவோடு உட்கார்ந்து தாராளமாகப் பார்க்கலாம்.