மாலத்தீவு: ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட்டா, ஊர்த்தீவு கெஸ்ட் ஹவுஸா?

கோவாவில் ரிசார்ட் சாப்பாடு விலை அதிகமென்றால் ஆட்டோ பிடித்து வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாம். மாலத்தீவில் அந்த வழி கிடையாது. 1972இல் குரும்பா ரிசார்ட் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே 'ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்' என்பதுதான் வழக்கம். கரையிறங்கிய பிறகு தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட வேறு கடை இல்லை. அதனால் அறை வாடகையை மட்டும் பார்த்து முன்பதிவு செய்துவிடாதீர்கள். செலவைத் தீர்மானிப்பது அதோடு வரும் சாப்பாட்டுத் திட்டம்தான்.

மாலத்தீவில் சுற்றுலாத் துறைக்கான ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். அதற்கு மேல் வழக்கமாக 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். மெனுவில் 100 டாலர் என்று பார்த்துச் சாப்பிட்டால் பில் 127 டாலரைத் தாண்டும். மூன்று வேளையும் இப்படிக் கையெழுத்துப் போட்டால் ஊருக்குக் கிளம்பும் நாளில் நெஞ்சு படபடக்கும். சாப்பாடு, பானம் எல்லாவற்றையும் சேர்த்து முன்கூட்டியே கட்டிவிடும் ஆல்-இன்க்ளூசிவ் திட்டம் எடுத்தவருக்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. அதுதான் அதன் நிஜமான பலம்.

ஆனால் 'எல்லாம் அடக்கம்' என்பதன் எல்லை ரிசார்ட்டுக்கு ரிசார்ட் மாறும். மூன்று வேளை பஃபே, ஜூஸ், பீர், சாதாரண ரக ஒயினும் மதுவும் பொதுவாக உள்ளே வரும். ஸ்பா, ஸ்கூபா, லாப்ஸ்டர், தனி உணவகங்கள் பெரும்பாலும் வெளியே. விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் செலவும் பல இடங்களில் தனி. கடல்விமானம் என்றால் அது ஆளுக்குச் சில நூறு டாலர். தவிர, கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலையில் தலைநகர் மாலே வந்து சேர்ந்தால், ரிசார்ட்டுக்குக் கட்டிய முதல் இரவு வீணாகலாம். தள்ளுபடி விலையைப் பார்த்து மயங்குவதற்கு முன் விமான நேரத்தைப் பாருங்கள்.

நம்மவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று. ஃபுல் போர்டு என்ற மூன்று வேளைச் சாப்பாட்டுத் திட்டத்துக்கும் ஆல்-இன்க்ளூசிவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு மதுவுக்கானது. குடிக்காத தம்பதி ஆல்-இன்க்ளூசிவ் எடுத்தால், பக்கத்து மேசைக்காரர் குடிப்பதற்கும் சேர்த்துப் பணம் கட்டுவது போலத்தான். ஃபுல் போர்டு எடுங்கள்; குடிநீர் அதில் சேருமா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விதிவிலக்கு, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள். மணிக்கொரு தரம் ஐஸ்கிரீம், ஜூஸ் என்று கேட்கும் குழந்தையிடம் விலை பார்த்து 'வேண்டாம்' சொல்லிக்கொண்டிருப்பது விடுமுறையே அல்ல. அவர்களுக்கு ஆல்-இன்க்ளூசிவ் தாராளமாகப் பொருந்தும். தேனிலவுக்குப் போய் மூன்று நாள் அறையையும் கடலையும் விட்டு நகரப்போவதில்லை என்பவர்களுக்கும் அப்படியே.

இனி ஊர்த்தீவு. மக்கள் வாழும் தீவுகளில் சுற்றுலா விடுதி நடத்த நெடுங்காலம் அனுமதி இல்லை. 2010ஐ ஒட்டித்தான் அந்தக் கதவு திறந்தது. மாலேயிலிருந்து 27 கிலோமீட்டரில் உள்ள மாஃபுஷியில் இன்று கெஸ்ட் ஹவுஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஸ்பீட்போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பசுமை வரியிலும் வித்தியாசம் உண்டு: ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ஊர்த்தீவின் சிறிய கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். இரண்டு பேர் நான்கு இரவு தங்கினால் 96 டாலர், 48 டாலர்.

ஊர்த்தீவில் மது கிடையாது. வெளியிலிருந்து கொண்டுபோகவும் முடியாது, விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் உடம்பை மூடிய உடைதான். ஐரோப்பியர்களுக்கு இது கட்டுப்பாடாகத் தெரியலாம். சுடிதாரோடு கடலில் இறங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது நிம்மதி. அங்குள்ள பெண்களும் முழு உடையோடுதான் குளிக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டில் எனக்கு ஊர்த்தீவின் மேல்தான் ஆசை. காயல்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் இடித்துச் சம்பல் செய்கிறோமே மாசி, அதன் தாய்வீடு இந்தத் தீவுகள்தான். காலையில் சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்த மஸ்ஹுனியை, சப்பாத்தி போன்ற ரோஷியோடு தருவார்கள். ரிசார்ட் பஃபேயில் அது ஒரு மூலையில் கிடக்கும். இங்கே அதுதான் காலை உணவு. சைவக்காரர்களுக்கு மட்டும் சிரமம், பெரிய ரிசார்ட்டின் இந்திய கவுன்டரே அவர்களுக்கு நல்லது. ரமலான் மாதமென்றால் பகலில் ஊர்த்தீவுச் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடலுக்குள் என்ன பார்க்க வேண்டும் என்பதும் முடிவை மாற்றும். திமிங்கலச் சுறா பார்க்கும் ஆசை இருந்தால் தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள திகுரா போன்ற ஊர்த்தீவில் தங்கி, பணத்தைப் படகுப் பயணங்களுக்குச் செலவிடலாம். பகல் முழுக்கப் படகில் இருப்பவர், ரிசார்ட்டில் முன்பணம் கட்டிய மதிய உணவை யாருக்காக விட்டுவைக்கிறார்?

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாஃபுஷியிலிருந்து பக்கத்து ரிசார்ட்டுக்கு மதிய உணவோடு ஒரு நாள் நுழைவு வாங்கலாம். அல்லது மூன்று இரவு கெஸ்ட் ஹவுஸ், கடைசி இரவு மட்டும் ரிசார்ட் என்று வைத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் இப்படித்தான் திட்டமிடுவேன். பயண நாளை மட்டும் வெள்ளிக்கிழமையில் வைக்காதீர்கள், பொதுப் படகுகள் பெரும்பாலும் அன்று ஓடாது.