உள்ளலையை ஆராய எது ஏற்றது: வானத்து ரேடாரா, கடலுக்குள் நிற்கும் கம்பியா?

மொரிசியஸில் நாம் வாங்கும் உறைந்த தாம்பெரி மீன், வடக்கே நசரேத், சாயா டி மல்ஹா என்ற கடலடி மேடுகளில் பிடிபட்டது. அவ்விரு மேடுகளுக்கும் இடையிலுள்ள இடுக்கில் கடல் தன்னையே கடைகிறது. பாற்கடல் கதையில் மலை மத்து, பாம்பு கயிறு. இங்கே அந்த மேடுகள் அமைந்த மஸ்கரீன் கடலடி மலைத்தொடர் மத்து. 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை இழுபடும் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், கயிறு. வெதுவெதுப்பான மேல்நீருக்கும் குளிர்ந்த கீழ்நீருக்கும் இடையே எழும் அலைதான் உள்ளலை. அது மேலே நிற்பவருக்குத் தெரியாமலே கிழக்கும் மேற்குமாக ஓடுகிறது.

செயற்கைக்கோள் ரேடாருக்கு அது தெரியும். அலை மேல்நீரை ஓரிடத்தில் குவித்து, ஓரிடத்தில் விரிக்கிறது. சொரசொரப்பான பட்டை வெளிச்சமாகவும் வழவழப்பானது இருட்டாகவும் படத்தில் விழும். இரவோ மேகமோ தடையில்லை. ஆனால் காற்று பலத்தால் கோடுகள் அழிந்துவிடும். குளிர்காலத் தென்கிழக்குக் காற்று எப்படி வீசும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? அலை உடையும்போது மேல்நீரும் கீழ்நீரும் எவ்வளவு கலந்தன என்பதையும் படம் காட்டாது.

ஆர்கோ மிதவை இதற்கு உதவாது. 10 நாளுக்கு ஒருமுறை மேலேறும் கருவி, நாளுக்கு இருமுறை வரும் அலையை எப்படிப் பிடிக்கும்?

என் ஓட்டு நங்கூரக் கம்பிக்கே. அடியில் நங்கூரம், உச்சியில் மிதவை, நடுவே வரிசையாக வெப்பமானிகள். நிமிடத்துக்கு நிமிடம் குளிர்நீர் ஏறி இறங்குவதை மாதக்கணக்கில் பதியும். கனமான நீர் இலேசான நீருக்கு மேலே புரண்டு நிற்கும் கணங்களிலிருந்து கலப்பையும் மதிப்பிடலாம். ஒரே புள்ளியில் நிற்பதுதான் குறை.

கொந்தளிப்பை நேரடியாக அளப்பது, மெல்ல விழும் நுண்ணளவுக் கருவி. அதற்குக் கப்பல் உடன் நிற்க வேண்டும், செலவு கடுமை.

இன்னொரு வழி, சுவடுப் பொருள். 1992-இல் லெட்வெல் குழு அட்லாண்டிக்கில் சல்பர் ஹெக்ஸாபுளோரைடு என்ற சேர்மத்தைக் கடலுக்குள் விட்டு, அது மேலும் கீழும் பரவுவதை அளந்தது. கடலியலாளர் வால்டர் மங்க் 1966-இல் ஆழ்கடலுக்குக் கணித்த கலப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அங்கே தெரிந்தது. மீதி எங்கே என்று தேடியவர்கள் கரடுமுரடான கடலடி மலைகளைக் கண்டார்கள். நம் மலைத்தொடர் அந்த வகை இடம். அதனால்தான் இங்கே அளக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

கம்பியை எங்கே இறக்குவது என்பதை ரேடார் படங்கள் சொல்லட்டும். நுண்ணளவுக் கருவியோடு போகும் கப்பல் அமாவாசைக்குள் போய்ச் சேர்ந்து, அஷ்டமி கழிந்து இரண்டு நாளாவது அங்கே நிற்க வேண்டும். அமாவாசையை ஒட்டி வலுக்கும் பேரோதத்தையும் அஷ்டமியை ஒட்டித் தணியும் சிற்றோதத்தையும் ஒரே பயணத்தில் அளந்துவிடலாம்.