ஹை டி இருக்கிறது; அடுத்த விசில் எந்தச் சுருதியில்?

அயர்லாந்து இசை பழகுகிறவர்களுக்கு முதல் டின் விசில் (நேராகப் பிடித்து ஊதும் ஆறு துளைச் சின்ன உலோகக் குழல்) எது என்பதில் யோசிக்கவே வேண்டாம்: ஹை டி. பப்களில் கலைஞர்கள் கூடிச் சேர்ந்து வாசிக்கும் செஷன்களில் பெரும்பாலான மெட்டுகள் டி, ஜி சுருதிகளையும் அவற்றை ஒட்டிய மைனர்களையும் சுற்றியே இருக்கும். நம் கணக்கில் டி என்பது 2 கட்டை. ஆறு துளைகளையும் மூடி, கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணம். மேல் துளையை மட்டும் திறந்து அடுத்த இரண்டை மூடினால் கைசிகி நிஷாதம் கிடைத்து ஹரிகாம்போதி ஆகிவிடும்; அதே சுரங்கள்தான் ஜி மேஜரும். ஒரே குழலில் இரண்டு சுருதிகளும் இப்படிச் சிரமமில்லாமல் வந்துவிடும். விலையும் பத்துப் பதினைந்து யூரோ. அயர்லாந்தின் விசில் கலைஞர் மேரி பெர்கின் வாசிப்பதைக் கேட்டால் இந்தச் சின்னக் குழலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

கேள்வி இரண்டாவது விசிலைப் பற்றியது. சி, பி பிளாட், லோ ஜி, லோ எஃப், லோ டி என்று வரிசையாகப் பல இருக்கின்றன; லோ என்பவை நீளமான, கீழ் ஸ்தாயிக் குழல்கள். நான் லோ டி-யை எடுத்தேன். மற்றவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

ஹை டி-க்கு மேலே போகும் ஈ பிளாட், எஃப், ஜி விசில்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஜெனரேஷன் நிறுவனம் ஹை ஜி வரைக்கும் விற்கிறது. அதில் துளைகள் மிக நெருக்கம், பெரியவர்களின் விரல்கள் ஒன்றையொன்று இடிக்கும். மேல் ஸ்தாயி காதைக் குத்தும். ஒரு குறிப்பிட்ட பாட்டுக்குத் தேவைப்பட்டால் ஒழிய வாங்க வேண்டியதில்லை.

சி விசிலும் பி பிளாட்டும் நல்ல குழல்கள். பி பிளாட் நம் ஆறரைக் கட்டை. ஹை டி-யைவிட ஏழெட்டு சென்டிமீட்டர்தான் நீளம், அதே விரல் நுனிப் பிடி போதும், ஆனால் ஒலியில் ஒரு கனிவு வந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் வாசிக்க வேண்டுமானால் ஹை டி-யை எடுக்கவே கூச்சமாக இருக்கும். அதன் உச்ச டி 2,300 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது, சுவரெல்லாம் தாண்டிப் போகும். பி பிளாட்டில் அந்தத் தொல்லை குறைவு. மலிவு விலையிலும் கிடைக்கும். தனியாக மட்டுமே வாசிப்பேன், செஷனுக்குப் போகும் எண்ணமே இல்லை என்பவர்கள் இதோடு நின்றுவிட்டாலும் தவறில்லை.

ஆனால் பி பிளாட்டோடு செஷனுக்குப் போனால் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பி பிளாட், சி சுருதிகளில் செய்த பைப்புகள் (துருத்தியால் காற்றூட்டி வாசிக்கும் அயர்லாந்துக் கருவி) உண்டு. அவற்றோடு சேர்ந்து வாசிக்கும்போது இந்த விசில்கள் அருமையாக ஒட்டும். எல்லா ஊரிலும் அப்படி ஒரு பைப் கலைஞர் கிடைப்பாரா என்ன?

சரி, லோ ஜி-க்கும் லோ எஃப்-க்கும் வருவோம். "நேராக லோ டி-க்குப் போகாதே, விரல் எட்டாது, முதலில் ஜி-யில் பழகிக்கொள், அப்புறம் எஃப், அப்புறம் டி" என்று பலரும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் விரல் பிடி. இந்தத் தேர்வில் என்னைப் பொறுத்தவரை முடிவு செய்யும் விஷயமே அதுதான்.

குழலின் சுருதியைத் தீர்மானிப்பது முக்கியமாக நீளம். ஹை டி ஏறக்குறைய ஓர் அடி. லோ டி சரியாக ஒரு ஸ்தாயி கீழே என்பதால் நீளம் இரட்டிப்பாகி இரண்டு அடிக்குப் பக்கத்தில் வரும். துளைகளுக்கு இடையிலான தூரமும் கிட்டத்தட்ட அதே அளவில் விரியும், துளைகளும் பெரிதாகும். இதை விரல் நுனியால் மூடப் பார்த்தால் கை விறைத்துப்போகும், காற்று கசியும், கீழ் டி வரவே வராது. தீர்வு பைப் வாசிப்பவர்களின் பிடி: விரல்களை நேராக, தட்டையாகக் கிடத்தி, நுனியை விட்டுவிட்டு நடுக் கணுவின் சதையால் துளையை மூட வேண்டும். வலது கை மோதிர விரலை மட்டும் பலர் நுனிப் பக்கச் சதையால் வைப்பார்கள். இந்தப் பிடி வந்துவிட்டால் சின்னக் கை உள்ளவர்களுக்கும் லோ டி எட்டும். கையின் அளவைவிட, வைக்கும் கோணம்தான் பெரிது.

இப்போது ஜி-யை நினைத்துப் பாருங்கள். நீளம் ஒன்றரை அடி போல. கொஞ்சம் நீட்டினால் விரல் நுனியாலேயே மூடிவிடலாம். அதனால் பழைய பிடியே நீடிக்கும். புதிய பிடியைக் கற்க எந்தக் கட்டாயமும் இராது. எஃப்-க்கு வரும்போது சிரமப்பட்டு இழுத்துப் பிடிப்பார்கள், டி-க்கு வரும்போது மறுபடி ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டும். நேராக லோ டி எடுத்தால் நுனிப் பிடி முதல் நாளே தோற்றுவிடும், சரியான பிடிக்குத் தானாகவே கை போகும். மணிக்கட்டை வளைக்காமல், கட்டைவிரலால் இறுக்காமல் பழக வேண்டும். வலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஜி-யைச் செஷனுக்குக் கொண்டுபோவதிலும் சிக்கல் உண்டு. டி மேஜர் வேண்டுமானால் அதில் பிரதி மத்யமம் தேவை. பாதித் துளை மூடி அதை எடுக்க வேண்டும். ரீல் போன்ற வேகமான நடன மெட்டில் அது நடக்காது. ஃபிடிலின் ஸ்தாயியில் வாசித்தால் கீழே இறங்கும் டி, ஈ, எஃப் ஷார்ப் மூன்றும் குழலில் இல்லை, ஒரு ஸ்தாயி மேலே போனால் உச்சியில் இடம் போதாது. லோ டி-யிலோ ஹை டி-யில் தெரிந்த அத்தனை மெட்டுகளும் அதே விரலோட்டத்தில் அப்படியே வரும்.

லோ டி பழைய பாரம்பரியம் அல்ல. அயர்லாந்துக் கலைஞர் ஃபின்பார் ஃபியூரி ஆசையாக வைத்திருந்த இந்திய மூங்கில் குழல் ஒரு சுற்றுப்பயணத்தில் உடைந்துபோக, அதற்கு ஈடாக இங்கிலாந்தின் பெர்னார்ட் ஓவர்ட்டன் 1971 இறுதியில் அலுமினியக் குழாயில் செய்து கொடுத்ததிலிருந்துதான் இன்றைய லோ விசில் தொடங்குகிறது. நம் மூங்கில் குழலின் ஆழம் அதில் எங்கோ இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். ஏர் எனப்படும் மெதுவான மெட்டு ஒன்றை அதில் எடுத்துக் கீழ் ஸ்தாயியில் நின்றால், ஹை டி-யில் ஒருபோதும் கிடைக்காத ஒரு மூச்சுக் கலந்த நாதம் வரும். லோ விசில் கலைஞர் டேவி ஸ்பில்லேனை நான் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்காகத்தான்.

குறைகளும் சொல்ல வேண்டும். விலை பல மடங்கு. மூச்சு அதிகம் குடிக்கும், ஆகவே எந்த சுரத்தை விட்டுவிட்டு மூச்செடுப்பது என்று முன்பே யோசித்து வைக்க வேண்டும். வேகமான ரீல்களில் கட், ரோல் போன்ற அலங்காரங்கள் ஹை டி அளவுக்குத் துள்ளாது. நாலு ஃபிடிலும் ஓர் அக்கார்டியனும் இருந்தால் லோ டி காதில் விழாது. அங்கே ஹை டி-தான். நான் வாசித்துப் பழகியவை அலுமினியக் குழல்களே. டிக்சன் செய்யும் பிளாஸ்டிக் லோ டி எடை குறைவு, விலையும் குறைவு. பிடியைப் பழக அது போதும் என்று நினைக்கிறேன், ஒலியைப் பற்றி அழுத்திச் சொல்லும் அளவுக்கு நான் அதை வாசித்ததில்லை.

வாய்ப்பகுதியில் ஈரம் அடைத்துக்கொள்வது லோ டி-யில் அடிக்கடி நடக்கும், குளிரில் இன்னும் அதிகம். வாசிக்கும் முன் தலைப்பகுதியைக் கையிலோ சட்டைக்குள்ளோ வைத்துச் சூடாக்குங்கள். அப்படியும் அடைத்தால் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து காற்று போகும் வழியில் ஓடவிட்டு, துடைக்காமல் அப்படியே உலரவிடுங்கள். கடையில் வாங்கும்போது ஆறு துளைகளையும் மூடி, கீழ் டி-யை மென்மையாக ஊதிப் பாருங்கள். மேல் ஸ்தாயிக்குத் தாவாமல் அது நின்றால் அந்தக் குழலை எடுக்கலாம்.