சொந்த நாஸ் பெட்டியா, மாதச் சந்தா பேக்கப்பா?

திருப்பூரில் 20 கம்ப்யூட்டர் ஓடும் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். டேலி, எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் ஓடும் ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாம் பார்க்கும் மென்பொருள்), பேட்டர்ன் ஃபைல்கள், ஸ்கேன் செய்த ஷிப்பிங் பில்கள் எல்லாம் சேர்ந்து 2 டிபி. இந்த அளவுக்கு என் ஓட்டு, அலுவலகத்திலேயே ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி), அதன் நகலுக்குக் கிளவுடில் ஒரு பக்கெட் (வாடகைச் சேமிப்பிடம்). மாதச் சந்தா வாங்கிக்கொண்டு வேறொரு நிறுவனமே பேக்கப்பைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜ்டு சேவைக்கும் இடம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தினமும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போக ஆள் இருக்கும்வரை நல்லது. அவர் லீவு போட்ட வாரம் அது சர்வரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

எதை வாங்குவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது, திரும்ப எடுக்க ஆகும் நேரம். விற்பவர்கள் ஜிபிக்கு எத்தனை பைசா என்றே பேசுவார்கள். நீங்கள் மணிக்கணக்கில் கேளுங்கள். 100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் இடைவிடாமல் ஓடினாலும் 2 டிபி இறங்க 44 மணி நேரம் ஆகும். நடைமுறையில் இரண்டரை நாள் என்று வையுங்கள். அதே 2 டிபி நாஸிலிருந்து ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி வீதம் வந்தால் சுமார் 5 மணி நேரம். குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் இரண்டுமே இழுக்கும், ஆனால் இடைவெளி குறையாது. சனிக்கிழமை ராத்திரி சர்வர் டிஸ்க் போனால், நாஸ் இருக்கும் இடத்தில் திங்கள் காலை பில் போடலாம். கிளவுடை மட்டும் நம்பினால் செவ்வாய்க்கிழமைதான்.

மலிவு என்று அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் என்ற கிளவுட் கிடங்கில் போடுபவர்களுக்கு இன்னொரு கணக்கு. டேட்டா கையில் வரும் நிலைக்கே 12 மணி நேரம் வரை ஆகும், மலிவான பல்க் முறையில் 48 மணி நேரம் வரை. டவுன்லோடு அதற்குப் பிறகுதான் தொடங்கும். போட்டதை மறுநாளே அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு. எட்டு வருடக் கணக்குப் புத்தகங்களைப் போட்டு வைக்க அது சரி, ஓடும் ஈஆர்பிக்கு வேண்டாம்.

நாஸில் இரண்டு 4 டிபி டிஸ்க்குகளை, இரண்டிலும் ஒரே டேட்டா எழுதப்படும் ரெய்டு 1 முறையில் போடுங்கள். 2 டிபி டேட்டாவுக்கும் பழைய வெர்ஷன்களுக்கும் இடம் போதும். டிஸ்க் சிஎம்ஆர் வகைதானா (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் எழுதுவது) என்று மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். நாஸுக்கென்றே விற்ற சில டபிள்யூடி ரெட் டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியவை) என்று 2020-இல்தான் வெளியே வந்தது. பழுதான டிஸ்க்கை மாற்றி ரீபில்ட் செய்யும்போது, அதாவது புது டிஸ்க்கில் நகலை மறுபடி எழுதும்போது, அந்த வகை தவழும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை நாஸில் செருகுங்கள், பேட்டரி தீருமுன் அது தானே ஒழுங்காக அணையும். பேக்கப் ஃபோல்டரை யாருடைய கம்ப்யூட்டரிலும் இசட் டிரைவாக மேப் செய்யாதீர்கள், ரான்சம்வேர் நடந்து வரும் வழி அதுதான். ரௌட்டரில் போர்ட் திறந்து நாஸை இன்டர்நெட்டுக்குக் காட்டவும் வேண்டாம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் பூட்டிய க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகள் இப்படி வெளியே தெரிந்தவைதான்.

பெட்டியைவிட அதிகம் சொதப்புவது டேட்டாபேஸ். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூஎல் ஃபைலை அப்படியே காப்பி செய்ய முடியாது. முதலில் பேக்கப் கட்டளையால் பிஏகே ஃபைல் (எஸ்க்யூஎல் சர்வரின் பேக்கப் ஃபைல்) எடுத்து, அதை நாஸுக்கு அனுப்ப வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் எடிஷனில், வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, ஆகவே விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறியுங்கள். டேட்டாபேஸின் ரெக்கவரி மாடல் (மாற்றங்களைப் பதியும் லாக் ஃபைலை எப்படி வைப்பது என்ற அமைப்பு) ‘ஃபுல்’ என்று இருந்து லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால், லாக் ஃபைல் வீங்கி ஒரு நாள் டிஸ்க்கை நிரப்பிவிடும், ஈஆர்பி நின்றுவிடும். டேலியை எல்லோரும் மூடிய பிறகு, இரவு 10 மணிக்கு மேல் எடுங்கள்.

தினசரி மாற்றம் 5 ஜிபி என்றால் 20 எம்பிபிஎஸ்ஸில் பக்கெட்டுக்கு ஏற அரை மணி நேரம் சொச்சம். பக்கெட் மும்பையில் இருக்கட்டும். கம்பெனிக் கணக்கு விதிகளின் 2022 ஆகஸ்ட் திருத்தத்தின்படி, மின்னணு வடிவில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும். பக்கெட்டில், போட்டதை அழிக்க விடாத ஆப்ஜெக்ட் லாக்கை 30 நாளுக்குப் போடுங்கள். கம்ப்ளையன்ஸ் முறையில் போட்டால் அதுவரை முதலாளியின் பாஸ்வேர்டாலும் அழிக்க முடியாது. ஒரு சிக்கல்: லாக் இருந்தால் வெர்ஷனிங்கும் (ஒவ்வொரு ஃபைலின் பழைய பதிப்பையும் வைத்திருப்பது) கட்டாயம். பேக்கப் மென்பொருள் பழையதை அழித்ததாக நினைக்கும், பக்கெட்டில் அது அப்படியே கிடந்து பில்லை ஏற்றும். பழைய வெர்ஷன்களைக் காலாவதியாக்கும் லைஃப்சைக்கிள் விதி எழுதாவிட்டால் நாலைந்து மாதத்தில் தெரியும். எல்லா நாஸ் மென்பொருளும் லாக்கோடு ஒத்துப்போகாது, வாங்குமுன் கேளுங்கள். என்க்ரிப்ஷன் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப்பும் போனதுதான்.

இத்தனையையும் பார்க்க ஆள் இல்லையா? அங்கேதான் மேனேஜ்டு சேவை ஜெயிக்கிறது. அவர்கள் தரும் ஏஜென்ட் மென்பொருளைச் சர்வரில் போட்டால் டேட்டாபேஸ் ஃபைலை முறையாக எடுக்கும், இரவில் தோற்றால் யாரோ போன் செய்வார்கள். மூன்று ஊர்களில் கிளை, எல்லோர் கையிலும் லேப்டாப் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். 20 டிபியைத் தாண்டினாலும் மேலே போட்ட கணக்கை நம்பாமல் புதிதாகப் போடுங்கள். ஆனால் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி: முழு டேட்டாவையும் டிஸ்க்கில் போட்டுக் கூரியரில் தருவார்களா, எத்தனை நாளில்? சாவி யாரிடம்? சேவையை விட்டு விலகினால் பழைய வெர்ஷன்கள் எந்த வடிவத்தில் வரும்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மழுப்பல்தான் பதிலாக வரும்.

எதை எடுத்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வேலை உண்டு. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்கள் கோடு போட்டு வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஓடும் டேட்டாபேஸே தவறுதலாக அழிந்தபோது, ஐந்து வகைப் பாதுகாப்பு இருந்தும் எதுவும் உருப்படியாக இல்லை. பேக்கப் போக வேண்டிய அமேசான் எஸ்3 பக்கெட் காலி. பேக்கப் தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் நிராகரிக்கப்பட்டுப் போய்ச் சேரவே இல்லை. ஆகவே ‘சக்சஸ்’ மெயிலை நம்பாதீர்கள். ஒரு பழைய கம்ப்யூட்டரில் நேற்றைய பிஏகே ஃபைலை ரீஸ்டோர் செய்து, ஈஆர்பியைத் திறந்து, நேற்று மாலை போட்ட கடைசி இன்வாய்ஸ் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் குறியுங்கள்.