நேப்பிள்ஸில் கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்: பொம்பெயியா, ஹெர்குலேனியமா, காப்ரியா, ஊரேயா?

மத்தியதரைக் கடல் குரூஸ்களில் பயணத்திட்டத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை அப்படியே நம்பக்கூடாது. ‘ரோம்’ என்று போட்டிருக்கும்; இறங்கினால் அது சிவிதாவெக்கியா, அங்கிருந்து ரயில் பிடித்துத்தான் ரோமுக்குப் போக வேண்டும். ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. நேப்பிள்ஸில் அந்த வம்பு இல்லை. முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே 1279-இல் கட்டத் தொடங்கிய காஸ்தெல் நுவோவோ கோட்டை. அதை ஒட்டி முனிசிப்பியோ மெட்ரோ நிலையம். இன்னொரு பக்கம் காப்ரி தீவுக்குப் போகும் அதிவேகப் படகுகள் கிளம்பும் மோலோ பெவெரெல்லோ. எல்லாம் நடக்கிற தூரம்.

எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் இங்கே முடிவெடுப்பது கஷ்டம். காலை 7 அல்லது 8 மணிக்கு வந்து மாலை 5 அல்லது 6 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக ஏறவேண்டிய நேரம் அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். காலையில் இறங்கும் வரிசையையும் கழித்தால் கையில் எட்டு மணி நேரம் இருந்தாலே அதிகம். கிரீஸிலிருந்து வரும் கப்பலாக இருந்தால் இத்தாலி நேரம் ஒரு மணி பின்னால். கடிகாரத்தை எந்த நேரத்துக்கு வைப்பது என்று கப்பலில் தரும் தினத்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எட்டு மணி நேரத்தில் எது அழகு, எது புகழ்பெற்றது என்று யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும். நான் வேறு மாதிரி பார்ப்பேன்: போகிற வழி அடைபட்டால் திரும்பி வர இன்னொரு வழி இருக்கிறதா? தனியாகச் சுற்றுபவருக்காகக் கப்பல் காத்திருக்காது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் காத்திருப்பார்கள். அந்தச் சுற்றுலாவுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இந்த உத்தரவாதத்துக்குத்தான். பொம்பெயி அரைநாள் சுற்றுலா என்று வாங்கினால், வழியில் தோர்ரே தெல் கிரேக்கோவில் பவளமும் சங்குச் சிற்பமும் விற்கும் கடையில் அரை மணி நேரம் நிறுத்துவது வழக்கமான கதை. பொம்பெயிக்குள் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதிலும் கொடி பிடித்தவர் பின்னால் ஓட்டம்.

முதலில் பொம்பெயி, வெசுவியஸ் எரிமலை புதைத்த ரோமானிய நகரம். போகும் ரயில் சர்க்கும்வெசுவியானா. பெயர்தான் கம்பீரம், வண்டி பழசு, வெளியெல்லாம் கிறுக்கல், கோடையில் உள்ளே புழுக்கம், நெரிசலில் பிக்பாக்கெட் தொல்லை. சொரெந்தோ போகும் வண்டியில் ஏறி ‘பொம்பெயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி’ நிலையத்தில் இறங்கினால், போர்த்தா மரீனா நுழைவாயில் கிட்டத்தட்ட எதிரிலேயே இருக்கும். பயணம் முக்கால் மணிக்குள். எல்லோரும் கரிபால்தி நிலையத்தில் முட்டிமோதி ஏறுவார்கள். வண்டி புறப்படுவது அதற்கு முந்தைய நிலையமான போர்த்தா நொலானாவில். அங்கே போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். வேறொரு தடத்தில் ‘பொம்பெயி சந்துவாரியோ’ என்றும் ஒரு நிலையம் உண்டு. அது ஊரின் மறுகோடியில் இருப்பது. பெயரைப் பார்த்து அந்த வண்டியில் ஏறிவிடாதீர்கள்.

பொம்பெயியின் பலமும் பலவீனமும் அதன் அளவுதான். மொத்தம் சுமார் 66 ஹெக்டேர். மூன்றில் இரண்டு பங்கு தோண்டியிருக்கிறார்கள். ஒரு முழு ஊருக்குள் நடக்கிற உணர்வு வேறெங்கும் கிடைக்காது. தெருவின் கருங்கல் தளத்தில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த பள்ளங்கள். நடுவே, கழிவுநீரில் கால் வைக்காமல் தெருவைக் கடப்பதற்காகப் போட்ட உயரமான கற்கள். அந்தக் கற்களுக்கு இடையிலான இடைவெளி சரியாகச் சக்கரம் புகும் அகலம். அதைப் பார்த்தபின் அந்தத் தெருவில் வண்டிச் சத்தம் கேட்காமல் இருக்காது.

ஆனால் நிழல் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் பதினோரு மணிக்கு மேல் அந்தக் கல் தெருக்களில் நடப்பது தண்டனை. குடிநீர்க் குழாய்கள் உள்ளே இருக்கின்றன, பாட்டில் எடுத்துப் போங்கள். மூன்று மணி நேரத்தில் ஊரின் பொதுச் சதுக்கமான மன்றம், அபொந்தான்சா தெரு, ஸ்தாபியக் குளியல்கூடம், ஃபௌனின் வீடு பார்க்கலாம். ஒரு மூலையில் கிடக்கும் வில்லா தெய் மிஸ்தேரி மாளிகை, இன்னொரு மூலையில் கிடக்கும் வட்டரங்கு, இரண்டையும் சேர்த்துக்கொள்ள நினைத்தால் பார்ப்பதைவிட நடப்பதே அதிகமாகும். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை; டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாளம் காட்டவேண்டும். முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டால் அதன் நகலாவது கையில் இருக்கட்டும்.

பொம்பெயிக்கு ஒரு நல்ல குணம் உண்டு, திரும்ப இரண்டு வழி. சர்க்கும்வெசுவியானா நின்றுபோனால், ஊருக்குள் இருக்கும் அரசு ரயில்வேயின் பொம்பெயி நிலையத்திலிருந்து நேப்பிள்ஸ் மத்திய நிலையத்துக்கு வண்டி உண்டு. வட்டரங்குப் பக்க வாயில் வழியாக வெளியேறினால் அங்கே நடந்தே போய்விடலாம்.

அடுத்து ஹெர்குலேனியம், அதே எரிமலை புதைத்த சிறிய ஊர். என் ஓட்டு இதற்குத்தான்.

அதே ரயில், பாதித் தூரம்கூட இல்லை. இருபது நிமிடத்தில் எர்கொலானோ ஸ்காவி நிலையம். அங்கிருந்து கடலை நோக்கிச் சரியும் ஒரே நேர்த் தெருவில் பத்து நிமிட நடை. வரும்போது அது ஏற்றம் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தபோது பொம்பெயியின் மேல் சாம்பலும் நுரைக்கல்லும் மழையாகக் கொட்டின. பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. ஹெர்குலேனியத்துக்கு வந்தது வேறு. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த அலைகள் ஊரை மூடி, இருபது மீட்டர் ஆழம் வரை இறுகிப்போயின. அந்தச் சூட்டில் மரம் சாம்பலாகாமல் கரியாகி நின்றுவிட்டது. அதனால் மாடிகள் இருக்கின்றன, உத்தரங்கள் இருக்கின்றன, கதவுச் சட்டங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டில் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே நின்ற மரத்தடுப்பு இன்றும் நிற்கிறது: கன்னங்கரேல் என்று, பலகை பலகையாக, வெண்கலப் பிடிகளோடு, கண்ணாடிக்குப் பின்னால். பொம்பெயியில் ஒரு தெருவைப் பார்க்கிறோம். இங்கே ஒருவர் தன் வீட்டில் எதை எங்கே மறைத்துவைக்க விரும்பினார் என்பதையே பார்க்கிறோம்.

நுழைந்ததும் ஊர் காலுக்குக் கீழே ஒரு பள்ளத்தில் கிடக்கும். பள்ளத்தின் விளிம்பில் இன்றைய எர்கொலானோவின் அடுக்குமாடிகள், பால்கனியில் காயும் துணிகள். இறங்கிப் போனால் அன்றைய கடற்கரையும் படகுகள் வைத்த வளைவு அறைகளும். தப்பிக்கப் படகு வரும் என்று அங்கே ஒண்டிய சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980-களிலிருந்து கிடைத்தன. இப்போது அறைகளில் இருப்பவை வார்ப்புகள்தான். இருந்தாலும் அதிக நேரம் நிற்க முடியாது. அந்தக் கடற்கரைப் பகுதியை 2024-இல் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கடல் இப்போது எங்கேயோ தள்ளிப் போய்விட்டது.

திறந்துகிடக்கும் பரப்பு நாலைந்து ஹெக்டேர்தான். இரண்டு மணி நேரத்தில் அவசரமில்லாமல் பார்த்து முடிக்கலாம். கூட்டமும் குறைவு, கட்டணமும் குறைவு. ‘பொம்பெயிக்குப் போகாமல் வந்தீர்களா?’ என்று ஊரில் கேட்பார்கள் என்பதுதான் இதில் இருக்கும் ஒரே குறை. அந்தக் கேள்விக்கு அஞ்சுபவர்கள் தாராளமாகப் பொம்பெயிக்கே போகலாம்.

காப்ரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படகு அதிவேகமானால் 50 நிமிடம், அழகான தீவு, கேபிள் ரயிலில் மேலே ஏறினால் நல்ல காட்சி, அனகாப்ரியிலிருந்து நாற்காலி லிஃப்டில் 589 மீட்டர் உயர மோந்தே சொலாரோ. போக வர ஒருவருக்கு 40 யூரோவுக்கு மேல் ஆகும். நீலக்குகைக்குப் போனால் வெயிலில் படகுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, உள்ளே ஐந்து நிமிடம். அலை கொஞ்சம் உயர்ந்தாலும் மூடிவிடுவார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காற்று மாறினால் அதிவேகப் படகுகளை நிறுத்திவிடுவார்கள், அப்போது தீவிலிருந்து நடந்து வர முடியாது. ரயில் நின்றால் டாக்சி உண்டு, டாக்சியும் இல்லையென்றால் பேருந்து உண்டு. தீவில் அந்தப் பேச்சே இல்லை. கப்பல் இரவு 8 மணிக்கு மேல் கிளம்புகிறது, வானிலை தெளிவு, திரும்பும் டிக்கெட் காலையிலேயே கையில் இருக்கிறது என்றால் போகலாம். இல்லாவிட்டால் எட்டு மணி நேர நிறுத்தத்தில் காப்ரி சூதாட்டம்.

அமல்ஃபி கடற்கரையைத் தனியாகப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதேதான். சொரெந்தோ வரை ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்புறம் பொசித்தானோ போவது மலையோரம் வளைந்து செல்லும் ஒரே சாலை. கோடையில் அந்தச் சாலை எப்போது நகரும் என்று பேருந்து ஓட்டுநருக்கே தெரியாது. நேப்பிள்ஸில் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கொடுப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றும் ஒரே இடம் இது. வெசுவியஸ் உச்சிக்கும் எர்கொலானோவிலிருந்து வண்டி உண்டு, ஆனால் நேரம் குறித்த டிக்கெட்டை ஆன்லைனில் முன்பதிவு செய்தாக வேண்டும்; மலையோடு இடிபாட்டையும் சேர்த்தால் நாள் முழுக்க மணி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மிச்சம் இருப்பது நேப்பிள்ஸ். பலர் இதைத் துறைமுகமாக மட்டும் நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அழுக்கு, சத்தம், நடைபாதையிலேயே ஏறிவரும் ஸ்கூட்டர்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் பொம்பெயியின் சுவர்களிலும் தரைகளிலும் இருந்த சிறந்தவை இங்குள்ள தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. ஃபௌனின் வீட்டில் தரையில் பார்ப்பது நகல். அலெக்சாந்தர் போர்க்களத்தின் அசல் மொசைக்குக்கு உரிய இடம் இந்த அருங்காட்சியகம். நம்மவர்கள் கேட்டுப் பார்க்கவேண்டிய ஒன்று அங்கே, பாலியல் சித்திரிப்புகளைத் தனியாக வைத்திருக்கும் ‘ரகசிய அறை’யில் உண்டு: 1938-இல் பொம்பெயியில் கிடைத்த, இந்தியாவில் செதுக்கிய ஒரு சிறிய தந்தப் பெண் சிற்பம். பொம்பெயி லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சி என்று சொல்பவர்களும் உண்டு. கழுத்திலும் இடையிலும் கால்களிலும் நகைகளோடு நிற்கும் அவளை அந்த அறையின் ரோமச் சிற்பங்களுக்கு நடுவே பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

முனிசிப்பியோவிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ‘முக்காடிட்ட கிறிஸ்து’ சிலை இருக்கும் சான்செவேரோ சிற்றாலயமும் செவ்வாய் விடுமுறை. 1753-இல் ஜுசெப்பே சான்மார்த்தீனோ ஒரே பளிங்கில் மெல்லிய துணியையும் அதன் அடியில் தெரியும் நரம்பையும் செதுக்கிய சிலை அது. முன்பதிவு இல்லாமல் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். உங்கள் கப்பல் செவ்வாயில் வந்தால் ஊரின் மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம். த்ரிபுனாலி தெருவில் எந்தக் கடையிலும் மரினாரா கேளுங்கள். பெயரில் கடல் இருந்தாலும் மீன் கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும், சீஸ்கூட இல்லை. சின்ன பீட்சாவை நாலாக மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள், நடந்துகொண்டே சாப்பிடலாம். அதனால் புகழ்பெற்ற கடைகளின் வாசலில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்ஃபொல்யதெல்லா என்ற அடுக்கு இனிப்பில் மட்டும் கவனம், மரபான செய்முறையில் பன்றிக் கொழுப்பு சேரும்.

ஆகவே எனக்கு எட்டு மணி நேரம் கொடுத்தால்: காலை எட்டரைக்கு இறங்கி ஹெர்குலேனியம், பன்னிரண்டரைக்குள் நேப்பிள்ஸ், கையில் மரினாரா, மதியம் அருங்காட்சியகம், பிறகு தொலேதோ தெரு வழியாகக் கடலை நோக்கி இறங்கும் அரை மணி நேர நடை. மூன்று மணிக்கு மேல் நான் இருப்பது கப்பலுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில். முதல்முறை வருபவர், இடிபாடுகள் மீது தீராத ஆசை உள்ளவர், வெயில் இல்லாத மாதம் என்றால் பொம்பெயியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். இரண்டு இடிபாடுகளையும் ஒரே நாளில் பார்க்க முயல்பவர்கள் இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்பார்கள்.

வயதான பெற்றோரோடு வருபவர்களுக்கு மட்டும் வரிசை மாறும். ஹெர்குலேனியத்தின் ஏற்ற இறக்கத்தைவிட, பொம்பெயியில் சக்கர நாற்காலிக்கும் ஏற்ப அமைத்திருக்கும் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட சமதளப் பாதை வசதியானது. அதற்கு வட்டரங்குப் பக்க வாயிலில் நுழைய வேண்டும். ரயில் வேண்டாம், டாக்சி பேசிக்கொள்ளுங்கள். நேப்பிள்ஸ் டாக்சிகளுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணப் பட்டியல் உண்டு. அது வேண்டும் என்று வண்டி கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மீட்டர் ஓட ஆரம்பித்தபின் சொன்னால் எடுபடாது.

கடைசியாக வேலைநிறுத்தம். இத்தாலியில் அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வரும். அறிவித்த நாளில் உங்கள் கப்பல் வந்தால் ரயிலை மறந்துவிட்டு ஊருக்குள்ளேயே சுற்றுங்கள்: சாந்தா கியாரா மடத்தின் ஓவிய ஓடு பதித்த தூண்கள், ஸ்பக்கா நாப்பொலி தெரு, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்யும் சான் கிரெகோரியோ அர்மேனோ சந்து. எல்லாம் கப்பலிலிருந்து அரை மணி நேர நடைக்குள்.